ஊறுகாய் ஜாடியின் மேலிருந்த கல்



எங்கள் வட்டாரத்தில் கல் கிடையாது. பாகான் நக்கோடா ஓமாருக்கு வந்து பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். கடலும் பெர்ணம் ஆறும் கொண்டுவந்து சேர்த்த களிமண்ணின் மேல்தான் எங்கள் தென்னையும் செம்பனையும் நெல்லும் நிற்கின்றன. எவ்வளவு தோண்டினாலும் சேறும் சிப்பியோடும்தான் வரும். சாலையோரத்துச் சரளைக்கல்கூட எங்கோ ஒரு மலையை உடைத்து லாரியில் ஏற்றி வந்ததுதான்.

இப்படிப்பட்ட ஊரில், அறிவியல் கழக நடவடிக்கையாகக் 'கனிமங்களை அடையாளம் காணுதல்' என்று அறிவித்தவன் நான். அந்த நடவடிக்கையில் நான் செய்த தவறு ஒன்றை இங்கே எழுதுகிறேன். இப்பக்கத்தை வாசிப்போரில் பெரும்பாலோர் ஆசிரியர்களும் பெற்றோரும் என்பதால், கூச்சப்படாமல் எழுதுவதே முறை என்று படுகிறது.

ஆளுக்கொரு கல் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தேன். மறுவாரம் என் மேசைமேல் வந்து சேர்ந்தவற்றைப் பாருங்கள்: சாலைச் சரளை பதினொன்று, செங்கல் துண்டு நான்கு, உடைந்த சிமெண்டுக் கட்டி ஒன்று, மீன்தொட்டியில் போடும் சாயக்கற்கள் ஒரு கைப்பிடி, சிப்பிகள். ஒரு மாணவன் வீட்டு அம்மிக்குழவியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அவன் தாயார் பத்து மணிக்குள் பள்ளிக்கு வந்து, மதியச் சமையலுக்கு வேண்டுமென்று அதை மீட்டுச் சென்றார்.

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, பழைய துணியில் சுற்றிய வெண்மையான கல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். அவள் கைக்கு ஒரு பிடி அளவு இருக்கும். மங்கலான வெள்ளை. ஆங்காங்கே எண்ணெய் பூசியதுபோல் ஒரு மினுமினுப்பு. உப்புக் கறை படிந்திருந்தது. "தாத்தா வைத்திருந்த கல் ஐயா. ரொம்பக் கனமா இருக்கு" என்றாள்.

என் கவனமோ வேறிடத்தில் இருந்தது. இணையத்தில் பதினைந்து வெள்ளிக்கு வாங்கிய புற ஊதாக் கைவிளக்கு ஒன்று என் சட்டைப்பையில் இருந்தது. கனிமங்கள் சில அவ்வொளியில் பச்சை, நீலம், சிவப்பு என ஒளிரும் என்று படித்திருந்தேன். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து பிராங்கிளின் என்னும் சுரங்க ஊரின் கற்கள் பச்சையும் சிவப்புமாக எரியும் படங்களைப் பார்த்து மயங்கியிருந்தேன். என் மாணவமணிகளும் அப்படி ஒன்றைப் பார்க்கட்டுமே என்ற ஆசை.

சன்னல்களைத் திரையிட்டு மூடி விளக்கைப் பொருத்தினேன். முதலில் ஒளிர்ந்தவை மாணவர்களின் வெள்ளைச் சட்டைகள். சலவைத்தூளில் சேர்க்கப்படும் வெண்மையூட்டிகள் புற ஊதாவை வாங்கி நீல ஒளியாக விடுகின்றன. துவைத்து நாளான சட்டை எது, நேற்றுத் துவைத்தது எது என்று அவர்களே ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்துக்கொண்டார்கள். பணத்தாளில் மறைந்திருந்த இழைகள் ஒளிர்ந்தன. மஞ்சள்தூளை எண்ணெயில் குழைத்துக் காட்டினேன். பச்சை கலந்த மஞ்சளாய் மின்னியது. தேளும் இவ்வொளியில் நீலப்பச்சையாகத் தெரியும் என்றேன். தன் தந்தை செம்பனை மட்டைகளுக்கடியில் தேளைப் பார்த்திருப்பதாகவும், இந்த விளக்கை ஒரு நாள் இரவல் தரவேண்டும் என்றும் ஒருவன் எழுந்து கேட்டான். தரவில்லை.

பிறகு கற்கள். சரளை இருண்டே இருந்தது. செங்கல்லும் அப்படியே. மீன்தொட்டிச் சாயக்கற்கள் மட்டும் பச்சையும் இளஞ்சிவப்புமாகப் பளிச்சிட்டன. வகுப்பே கைதட்டியது. அது கல்லின் ஒளியன்று, மேலே பூசிய சாயத்தின் ஒளி. அதை விளக்கிச் சொல்லிவிட்டு, ஆனாலும் அழகாக ஒளிர்ந்ததற்காக அம்மாணவனுக்கு ஒரு பேனாவைப் பரிசாகக் கொடுத்தேன்.

கடைசியாக அந்த வெண்கல். விளக்கைக் காட்டினேன். ஒன்றும் நிகழவில்லை. விளக்கின் ஊதா நிறம்தான் அதன்மேல் படிந்தது. "இது சாதாரண வெள்ளைக் கல், குவார்ட்ஸ். கனிமத்தில் ஆகச் சாதாரணமானது" என்றேன். "ரொம்பக் கனமா இருக்கே ஐயா" என்று அவள் மறுபடியும் சொன்னாள். "கல் என்றால் கனமாகத்தான் இருக்கும் அம்மா" என்று நான் சொல்ல, வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் கல்லைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இது நடந்து இரண்டு மாதங்களுக்குப் பின், பள்ளி விடுமுறையில் ஈப்போவுக்குச் சென்றேன். ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாயில் என் பழைய நண்பர் ஒருவர் இருக்கிறார். கற்களைச் சேகரிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். வீட்டில் மனிதர் உட்காரும் நாற்காலியைவிடக் கல் உட்கார்ந்திருக்கும் நாற்காலி அதிகம். கிந்தா பள்ளத்தாக்கு ஈயத்தால் வாழ்ந்த மண் என்பதை நாம் அறிவோம். ஆனால் ஈயம் மட்டுமன்று. சிம்பாங் பூலாய்க்கு அருகிலுள்ள கிராமாட் பூலாய் என்னுமிடத்தில் 1930களில் ஷீலைட் என்னும் கனிமத்தைத் தோண்டி ஏற்றுமதி செய்தார்கள். டங்ஸ்டன் உலோகம் அதிலிருந்து கிடைக்கிறது. பழைய மின்குமிழ்களில் ஒளிவிட்ட மெல்லிய கம்பி டங்ஸ்டன்தான். உலோகங்களிலேயே மிக உயர்ந்த வெப்பநிலையில், 3400 டிகிரி செல்சியசுக்கும் மேல், உருகுவது அது.

நண்பர் ஒரு கல்லை என் கையில் வைத்தார். வைத்த மாத்திரத்தில் கை தாழ்ந்தது. அளவுக்குப் பொருந்தாத பாரம். மங்கலான வெள்ளை, எண்ணெய் மினுமினுப்பு.

"ரொம்பக் கனமாக இருக்கிறதே" என்று என் வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகுதான் அந்தச் சொற்களை இதற்குமுன் எங்கே கேட்டேன் என்று நினைவுக்கு வந்தது.

நண்பருக்கு என் முகம் மாறிய காரணம் தெரியாது. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். சுவீடனில் மருந்துக்கடை நடத்திய கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1781இல் இந்தக் கல்லை ஆராய்ந்து, அதனுள் புதியதோர் அமிலம் இருப்பதைக் கண்டார். ஷீலைட் என்பது பின்னாளில் அவர் பெயரால் அமைந்தது. அதற்கு முன்பு அக்கல்லின் பெயரே 'டங்ஸ்டன்'. சுவீடிய மொழியில் அதற்குக் 'கனமான கல்' என்று பொருள். ஆக, ஐந்தாம் ஆண்டு மாணவி சுவீடியர் வைத்த பெயரையே வகுப்பில் இருமுறை சொல்லியிருக்கிறாள். ஆசிரியராகிய நான் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

என் கைவிளக்கைப் பற்றி நண்பரிடம் சொன்னேன். அதன் உறையில் பொடி எழுத்தில் 395 என்று போட்டிருக்குமே, பார்த்தீர்களா என்று கேட்டார். பார்க்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. அதற்குக் கீழே இருப்பது புற ஊதா. 395 என்பது வாசலில் நிற்பது. 365 என்பது நெட்டலைப் புற ஊதா, 254 என்பது குற்றலைப் புற ஊதா. அலை குறுகக் குறுக ஆற்றல் கூடும். ஷீலைட்டை எழுப்ப 254 வேண்டும். நெட்டலைக்கு அது பெரும்பாலும் அசைவதில்லை.

உடனொளிர்வு நிகழும் விதத்தை மாணவர்களுக்கு நான் இப்போது இப்படிச் சொல்கிறேன். ஒரு குரங்கு ஒரே தாவலில் தென்னையின் உச்சிக்குப் போகிறது. இறங்கும்போது பாதி வழியில் ஒரு மட்டையில் சற்றுத் தங்கிப் பிறகு குதிக்கிறது. அணுக்களில் உள்ள எலக்ட்ரான்கள் புற ஊதாவின் ஆற்றலை வாங்கி மேலே தாவுகின்றன. இறங்கும் வழியில் கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக இழந்து, எஞ்சியதை ஒளியாக விடுகின்றன. வாங்கியதைவிட விட்டது குறைவு என்பதால் கண்ணுக்குத் தெரியாத ஒளி உள்ளே போய்க் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளியே வருகிறது. குரங்குக்கு முதல் தாவலுக்கு வலுவில்லை என்றால் மரத்தடியிலேயே நிற்கும். என் பதினைந்து வெள்ளி விளக்கின் கதை அதுதான்.

நண்பர் தம் குற்றலை விளக்கை ஏற்றிக் காட்டினார். அந்தக் கல் நீலம் கலந்த வெண்மையில் எரிந்தது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு தட்டில் கருமணலைப் பரப்பினார். பெஸ்தாரி ஜெயாவின் பழைய ஈய லம்பப் பகுதியிலிருந்து வந்த மணல். 2007க்கு முன் அவ்வூரை நாம் பத்தாங் பெர்ஜுந்தை என்றோம். ஈயம் அரித்தபின் மிஞ்சும் இத்தகைய மணலை நம் நாட்டில் அமாங் என்பார்கள். விளக்கொளியில் அதில் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஆரஞ்சுப் பொட்டுகள் தெரிந்தன. சிர்கான் மணிகள். ஈயத் தாதான காசிட்டரைட்டோ இருண்டே கிடந்தது. கிந்தாவுக்கு மட்டுமா, சிலாங்கூருக்கும் சோறு போட்ட கல் அது. எந்த விளக்கைக் காட்டினாலும் அது ஒளிர்வதில்லை. உடனொளிர்வுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை 1852இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் ஃபுளோரைட் கல்லின் பெயரிலிருந்து எடுத்தார். அந்த ஃபுளோரைட்டிலேயே ஒளிராத துண்டுகள் எத்தனையோ உண்டு. கல்லில் கலந்திருக்கும் மிகச் சிறிய அளவு வேற்றுப் பொருளே பல கனிமங்களில் ஒளியைத் தருகிறது. இரும்பு கலந்தால் பெரும்பாலும் ஒளி அணைந்துவிடும்.

பெற்றோருக்கு இங்கே ஒரு சொல். நகைக்கடையிலோ வீட்டிலோ ஒரு மாணிக்கம் சிவப்பாக ஒளிர்வதைக் காட்டி யாரேனும் 'அசல்' என்றால் அப்படியே நம்பிவிடவேண்டா. ஆலையில் செய்த மாணிக்கமும் ஒளிரும், சில வேளைகளில் இன்னும் நன்றாகவே ஒளிரும்.

அமாங் மணலைச் சிறுவர் கையில் கொடுக்கவும் வேண்டா. அதிலுள்ள மோனசைட்டில் கதிரியக்கம் உடைய தோரியம் இருக்கிறது. இதே மோனசைட்டுதான் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. 1909இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார், அங்கிருந்து இறக்குமதியான தென்னங்கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டுபிடித்தார். நாரை வாங்கியவர்களுக்கு அது வெறும் அழுக்கு.

நண்பரிடம் அன்று நான் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "விளக்கு இருக்கட்டும். அந்தக் கல்லை ஓர் ஆணியால் கீறிப் பார்த்தீரா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் இன்றுவரை உறுத்துகிறது. குவார்ட்ஸின் கடினத்தன்மை மோஸ் அளவில் 7. இரும்பாணி அதைக் கீறாது. ஷீலைட்டு 4.5 முதல் 5 வரை, ஆணி கீறிவிடும். குவார்ட்ஸின் ஒப்படர்த்தி 2.65. ஷீலைட்டுக்கு ஏறத்தாழ 6. எங்கள் அறிவியல் அறையிலேயே ஆணி இருந்தது, சுருள்வில் தராசு இருந்தது, வாளியும் நீரும் இருந்தன. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கண்ணைக் கவரும் ஒன்றை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். குற்றலையில் நீலமாக எரிந்தால்கூட ஷீலைட்டுதான் என்று உடனே முடிவுகட்டக் கூடாது, அதேபோல் ஒளிரும் கனிமங்கள் வேறும் உண்டு, கீறியும் நிறுத்தும் பார்த்தபிறகே பெயர் வைக்கவேண்டும் என்று நண்பர் சொல்லி அனுப்பினார். விளக்கையும் இரவல் கொடுத்தார். நான் தேள் பிடிக்கக் கேட்ட மாணவனுக்குக் கொடுக்காதது நினைவுக்கு வந்தது.

குற்றலை விளக்கைப் பற்றி ஆசிரியர்கள் கவனமாக இருக்கவேண்டும். 254 நானோமீட்டர் கண்ணையும் தோலையும் சுடும். சுடுவது அப்போது தெரியாது, சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் 2020இல் கிருமி நீக்கும் விளக்குகளைப் பலர் வாங்கினார்கள். அவற்றில் பல இதே குற்றலைதான். கைகளைத் தூய்மைப்படுத்த அவற்றைப் பயன்படுத்த வேண்டாமென்று உலகச் சுகாதார நிறுவனம் அப்போதே எச்சரித்தது. வீட்டில் அப்படியொன்று கிடந்தால் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். சாதாரணக் கண்ணாடி குற்றலையைத் தடுத்துவிடும். ஆகவே நண்பர் அட்டைப்பெட்டிக்குள் விளக்கைப் பொருத்தி, மேலே கண்ணாடித் தகடு வைத்துத் தைத்ததுபோல் ஒட்டிக் கொடுத்தார். கல் உள்ளே, கண் வெளியே.

விடுமுறை முடியும் முன்பே, ஒரு மாலை வேளையில் அப்பெட்டியோடு மாணவியின் வீட்டுக்குப் போனேன். வழி நெடுக ஒரே கவலை: கல்லைப் பரிட்டில் எறிந்திருந்தால்? எங்கள் ஊர்ப் பரிட்டில் விழுந்த கல்லைத் தேடுவதும் கடலில் கரைத்த பெருங்காயத்தைத் தேடுவதும் ஒன்றுதான்.

மாணவி என்னைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். பாட்டியார்தான் வரவேற்றார். "வாங்க ஐயா, பிள்ளை ஏதும் வாலாட்டுச்சா?" என்றார். வாலாட்டியவன் நான்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கல்லைப் பற்றிக் கேட்டேன்.

சமையலறையில் எலுமிச்சை ஊறுகாய் ஜாடி ஒன்று இருந்தது. அதற்குள் காய்களை அழுத்தும் தட்டு. தட்டின்மேல் அந்தக் கல். பல ஆண்டுகளாக அதன் வேலை அதுதானாம். "பேத்தி பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போனா. அப்புறம் வெறும் கல்லுதான் பாட்டின்னு திருப்பிக் கொண்டாந்து வெச்சிட்டா" என்றார்.

கழுவித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தோம். சன்னலில் பாட்டியாரின் கைலியைக் கட்டி இருட்டாக்கினோம். "நீயே பொத்தானை அழுத்து" என்று மாணவியிடம் சொன்னேன்.

கல் முழுவதும் எரியவில்லை. பாதி இருண்டிருந்தது. மறு பாதியில், வானத்து விண்மீன்களை யாரோ தடித்த தூரிகையால் தொட்டுவைத்ததுபோல் நீலவெண்மைத் திட்டுகள். மாணவி ஒன்றும் பேசவில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் அவள் மூச்சு படிந்து மறைக்க, துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

"விலை என்ன போகும் ஐயா?" என்று பாட்டியார் கேட்டார். ஒரு கல்லுக்குப் பெரிய விலை கிடையாது என்றேன். "அப்படின்னா ஜாடியிலேயே கிடக்கட்டும்" என்றார். மாணவி கல்லை இரு கையாலும் பற்றிக்கொண்டாள்.

அவருடைய கணவர் இளமையில் சிம்பாங் பூலாய்ப் பக்கத்து ஈய லம்பம் ஒன்றில் வேலை செய்தவர். மணமான பின் இந்தத் தோட்டத்துக்கு வந்துவிட்டார். லம்பத்தை விட்ட நாளில் சோற்றுத் தூக்குச்சட்டிக்குள் வைத்து எடுத்துவந்த கல் அது. ஏன் எடுத்துவந்தார் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்க அவரும் இல்லை.

பள்ளி திறந்த முதல் வாரம், அறிவியல் கழகத்தில் எல்லார் முன்னிலையிலும் நான் சொன்னது தவறு என்று சொன்னேன். எதற்காகச் சிரித்தோம் என்பதையும் சொன்னேன். மாணவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆசிரியர் தவறு செய்தார் என்பது அவர்களுக்கு மகிழ்ச்சியாகவே இருந்திருக்கும். மாணவிதான் சோதனையை நடத்தினாள். முதலில் ஆணி. கல்லின் மினுமினுப்பான பகுதியில் கீறல் விழுந்தது. பிறகு கல்லை நூலில் கட்டிச் சுருள்வில் தராசில் தொங்கவிட்டாள். காற்றில் 610 கிராம். வாளி நீரில் முழுக அமிழ்த்தியபோது 480. குறைந்தது 130. 610ஐ 130ஆல் வகுத்து, ஏறத்தாழ 4.7 என்று கரும்பலகையில் எழுதினாள். வேறு கனிமமும் கலந்த கல் என்பதால் ஆறு வரவில்லை. ஆனால் இதே பருமனில் குவார்ட்ஸாக இருந்திருந்தால் 345 கிராம்தான் இருந்திருக்கும். நண்பர் பின்னர் கல்லைக் கையில் வாங்கிப் பார்த்து, ஷீலைட்டு என்பதில் தமக்கும் ஐயமில்லை என்றார்.

மீன்தொட்டிக்காரன் தன் பேனாவைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

கல் இப்போது எங்கள் அறிவியல் அறையின் கண்ணாடிப் பேழையில் இரவலாக இருக்கிறது. அருங்காட்சியகங்களில் கனிமத்தின் பெயரைவிடக் கிடைத்த இடத்தை முதன்மையாகக் கருதுவார்கள் என்று சொல்லியிருந்தேன். மாணவி தானே எழுதிய அட்டையில் இப்படி இருக்கிறது: 'ஷீலைட்டு. கொண்டுவந்தவர்: என் தாத்தா. இடம்: சிம்பாங் பூலாய்ப் பக்கம் என்று பாட்டி சொல்கிறார்.' 'சொல்கிறார்' என்பதன் கீழே ஒரு கோடு போட்டிருக்கிறாள். நான் போடச் சொல்லவில்லை.

பாட்டியாரின் ஜாடி வெறுமையாகிவிட்டதே என்று, வந்து குவிந்த சரளைக்கற்களில் பெரியதாக ஒன்றைத் தேர்ந்து, நன்றாகக் கொதிநீரில் கழுவிக் கொடுத்தனுப்பினேன். அது சரிப்படவில்லையாம். காய்கள் மேலே மிதக்கின்றனவாம். பாரம் போதவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.